மானியம் இருக்கிறது, வழிதான் தெரியவில்லை

ஆசிரியருக்கு,

சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் என்ற செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். நல்ல திட்டம்தான். ஆனால், எந்த உதவிக்கு எந்த அலுவலகப் படியேறுவது என்பதே பலருக்குத் தெரியாது. நெல்லுக்கு வேளாண்மைத் துறை, மிளகாய்க்குத் தோட்டக்கலைத் துறை, பண்ணைக்குட்டைக்கு வேளாண் பொறியியல் துறை, சிறு விவசாயி சான்றுக்கோ வட்டாட்சியர் அலுவலகம். எங்கள் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் புஞ்சை. சொட்டுநீர் மானியத்துக்கான சிறு விவசாயி சான்று வாங்க, சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவுகள், ஆதார் நகல் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு நான்கு முறை பேருந்து ஏறினார். முதல் நாள், "இது இங்கே இல்லை" என்றார்கள். அப்புறம் பட்டா பலர் பெயரில் உள்ள கூட்டுப்பட்டா என்று திருப்பி அனுப்பினார்கள். சான்று கைக்கு வந்தபோது மிளகாய் நாற்று நட்டு முடிந்துவிட்டது. அந்தப் பருவம் முழுக்க வாய்க்கால் வெட்டித்தான் தண்ணீர் பாய்ச்சினோம்.

விவசாயிகளுக்காகத் தமிழக அரசு நடத்தும் உழவன் கைபேசிச் செயலி 2018 முதல் இருக்கிறது, பயனுள்ளதும்கூட. சரி, பட்டன் போன் வைத்திருப்பவர் என்ன செய்வார்? வாரம் ஒரு நாள் மூன்று துறை அலுவலர்களும் கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சி அலுவலகத்தில் ஒன்றாக உட்கார்ந்து மனு வாங்க வேண்டும். எந்தத் திட்டத்துக்கு என்னென்ன தாள்கள் தேவை என்பதைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கச் சுவரில் பெரிய எழுத்தில் பெயின்டால் எழுதி வைக்க வேண்டும்.

– ஒரு விவசாயியின் மகன்