பல முதலாளிகள், ஒரே ஓய்வூதிய நிதி: ஞாயிறு கலந்துரையாடல்

தோழர்களே, வணக்கம். இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு, குழு அழைப்பில், அமெரிக்கத் தொழிற்சங்க ஓய்வூதிய நிதிகளைப் பற்றிப் பேசுவோம்.

அங்கே லாரி ஓட்டுநரோ கட்டடத் தொழிலாளியோ, அதே நிதியில் சேர்ந்த வேறு கம்பெனிக்கு மாறினாலும் ஓய்வூதியக் கணக்கு அறுந்துபோவதில்லை. பல முதலாளிகள் ஒரே நிதிக்குக் கட்டுகிறார்கள். 1947 டாஃப்ட்-ஹார்ட்லி சட்டப்படி நிர்வாகத்தில் சங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் சம இடம். அருமையான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஒரு கம்பெனி திவாலானால் அதன் சுமை மிச்சமிருப்பவர்கள் தலையில் விழும். நிதியிலிருந்து விலகும் முதலாளி பற்றாக்குறையில் தன் பங்கைக் கட்டியாக வேண்டும் என்று 1980இல் சட்டம் வந்தது. திவாலானவரிடம் எதை வசூலிப்பது? லாரித் தொழிலாளர்களின் சென்ட்ரல் ஸ்டேட்ஸ் நிதி இதில்தான் தத்தளித்தது. ஓய்வூதியத்தை வெட்ட அது கேட்ட அனுமதியை 2016இல் கருவூலத் துறை மறுத்தது. 2022 டிசம்பரில் சுமார் 3,600 கோடி டாலர் அரசு உதவி அறிவிக்கப்பட்டது. மூன்றரை லட்சம் பேருக்கு மூச்சு வந்தது. நிதி மூழ்கியிருந்தால், 30 ஆண்டு உழைத்தவருக்கும் அரசுக் காப்பீட்டில் ஆண்டுக்கு அதிகபட்சம் 12,870 டாலர்தான்!

கேள்விகளைச் சனிக்கிழமைக்குள் இங்கேயே போடுங்கள். ஓய்வுபெற்ற தோழர்கள் கட்டாயம் வாருங்கள்.