பாகம் பிரிக்கிற நேரத்தில்

அன்பு நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உன் கோயில் பங்கிலிருந்து கிளை ஊரைப் பிரித்து, தனிச் சாமியாரோடு தனிப்பங்கு ஆக்கப் போகிறார்கள், சனம் இரண்டுபட்டு நிற்கிறது, என்ன செய்ய என்று கேட்டிருக்கிறாய். குருமடத்தில் திருச்சபைச் சட்டத் தேர்வுக்கு முந்தின ராத்திரி என் நோட்டைத்தான் வாங்கிப் படிப்பாய். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை போல.

இங்கே நான் சுகம்தான். முழங்கால்தான் சொன்னபடி கேட்கமாட்டேன் என்கிறது. பூசையில் மண்டியிட்டால் எழும்புவதற்கு பீடச் சிறுவன் கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, உன் விஷயம். திருச்சபைச் சட்டத்தின் 515-வது எண் உனக்கு நினைவிருக்கும். குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்ட பிறகே ஆயர் ஒரு பங்கை நிறுவலாம், மாற்றலாம். சனத்திடம் கேட்கச் சொல்லி அதில் ஒரு வார்த்தை கிடையாது. அதை நீதான் கேட்க வேண்டும், அதுவும் ஆணை வருவதற்கு முன்னால்.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பிரிவினை என்றால் சண்டை பணத்தில்தான் வரும் என்று நினைத்து, முதலில் கணக்கை எடுத்து வைத்தேன். வங்கியில் கிடந்த பணம், தென்னந்தோப்பு வருமானம், பிளாஸ்டிக் நாற்காலி, மைக் செட் எல்லாவற்றையும் இரண்டே கூட்டத்தில் பிரித்தாயிற்று. ஒரு சத்தம் இல்லை. பங்கு மக்களின் பிரதிநிதிகளான அருட்பணிப் பேரவைக்காரர்கள் கைகுலுக்கிப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகிறேன். கிளை ஊர்ப் பாட்டி ஒருத்தி கொடிமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "சாமி, எங்க ஆளு இஞ்சதான கெடக்காரு. நாளைக்கு என்னைய அங்க கொண்டு வச்சிருவியளா?" என்றாள்.

எனக்கு வாய் எழும்பவில்லை. நான்கு பக்க ஒப்பந்தத்தில் நாற்காலிக்கு வரி இருந்தது, கல்லறைத் தோட்டத்துக்கு இல்லை. பிறகு திரும்பவும் கூட்டம் போட்டோம். கணவனோ மனைவியோ இங்கே அடக்கம் ஆகியிருந்தால் மற்றவருக்கும் இங்கேதான் இடம். இறந்தவர்கள் நினைவு நாளான நவம்பர் 2 அன்று இரண்டு பங்கும் சேர்ந்தே கல்லறை மந்திரிப்பு. எழுதிக் கையெழுத்து வாங்கி இரண்டு கோயில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினேன். அதன்பிறகுதான் ஊர் மூச்சு விட்டது. ஆகவே கணக்கு நோட்டைத் தொடுமுன் கல்லறையைப் பேசி முடி.

அப்புறம் திருவிழா. பத்து நாளில் நான்காம் நாள் எப்போதும் கிளைக்காரர்களுடையது. பிரிந்த பிறகு அந்த நாளை நம் பக்கத்து அன்பியம் ஒன்றுக்கு, அதாவது அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுவுக்கு, கொடுக்கச் சொல்லி இளைஞர்கள் நின்றார்கள். நான் விடவில்லை. இன்றைக்கும் நான்காம் நாள் அவர்கள்தான் பூவும் பாட்டும் கொண்டு வருகிறார்கள். முறுமுறுப்பு இருக்கத்தான் செய்கிறது, இருக்கட்டும்.

பிரசங்கத்தில் "வளர்ச்சி, வளர்ச்சி" என்று பேசாதே. நான் பேசினேன். "சாமி நம்மளத் தள்ளி விடுறாரு" என்றுதான் அது அவர்கள் காதில் விழுந்தது. நம் கோட்டாறு மறைமாவட்டமே 1930-ல் கொல்லத்திலிருந்து பிரிந்து வந்தது. அதிலிருந்து 2014-ல் குழித்துறை பிரிந்தது. மறைசாட்சி தேவசகாயம் பிறந்த நட்டாலம் இப்போது அவர்கள் பக்கம், அவர் கல்லறை கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் நம் பக்கம். 2022-ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது யாராவது 'எங்கள் பங்கு எவ்வளவு' என்று கேட்டார்களா? இதை ஒரு ஞாயிறு சொன்னேன். அன்றைக்குத்தான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பழைய திருமுழுக்குப் பதிவேட்டையும் எடுத்துக் காட்டு. ஆணை வந்த நாளிலிருந்து அவர்களுக்குப் புதுப் பதிவேடு. அதற்கு முன்னால் ஞானஸ்நானம் பெற்றவர்கள் உன் பதிவேட்டிலேயேதான் இருப்பார்கள். கல்யாணம் என்றால் சான்றிதழுக்கு உன் அலுவலகத்துக்குத்தான் வரவேண்டும். நடந்த கல்யாணத்தையும் அந்தப் பெயருக்கு நேரே குறிக்க வேண்டும். இன்றைய கைக்குழந்தைக்குக் கல்யாணம் ஆகிறவரை அவர்கள் உன் வாசலுக்கு வந்துகொண்டுதான் இருப்பார்கள். நான் அந்தத் தடித்த புத்தகத்தைக் கோயில் நடுவில் மேசை போட்டு விரித்து வைத்தேன். ஆளாளுக்கு வந்து அப்பன் பெயர், பாட்டன் பெயர் தேடினார்கள். ஒருவன் விரலால் தடவிப் பார்த்தான். மை அழிந்துவிடுமோ என்று எனக்குப் பதறியது.

கடைசியாக, உன்னால்தான் முடியுமா என்று எனக்குச் சந்தேகமுள்ள ஒன்று. பிரிந்த பிறகு அந்தப் பக்கம் போகாதே. புதுச் சாமியார் வந்த ஆறு மாதமும் நான் அழைப்பில்லாமல் அங்கே கால் வைக்கவில்லை. நோயாளிக்கு எண்ணெய் பூச என்னைக் கூப்பிட்டபோதுகூட அவருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் போனேன். சனம் கோபித்தது. அந்தப் பாட்டியும்தான்.

ஈஸ்டர் கழிந்ததும் ஒரு நாள் இங்கே வா. கல்லறை ஒப்பந்தத்தின் நகல் எடுத்து வைக்கிறேன். ஒன்பது மணி பஸ்ஸில் வந்தால் சாளை வாங்கிக் குழம்பு வைக்கச் சொல்லலாம், பிந்தினால் சாம்பார்தான்.

அன்புடன்,
உன் பழைய நோட்டுக்காரன்