சீருடை ஒப்பந்தம் சப்பாத்தைத் தொட வேண்டாம்

தேசிய மெய்வல்லுநர் குழாங்களுக்குச் சீருடை ஒப்பந்தம் செய்யும் பொறுப்பாளர்களுக்கு,

ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கங்களில் ஓட்டப் பிள்ளைகளைப் பழக்கும் பயிற்றுநர்கள் நாங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்: போட்டிச் சப்பாத்து ஓடுபவரின் சொந்தத் தெரிவு.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு அனுசரணை என்று கிடைப்பது பெரும்பாலும் காசல்ல, சப்பாத்துத்தான். பயிற்சிக்கு ஒரு சோடி, போட்டிக்கு அடியில் ஆணி வைத்த ஒரு ஸ்பைக் சோடி. போட்டிப் படத்தில் அது தெரிய வேண்டும் என்பதே கொடுத்தவரின் எதிர்பார்ப்பு. நாட்டுக்காக ஓடும் நாளில் வேறு கம்பனியின் சப்பாத்தை மாட்டச் சொன்னால் அந்த உடன்பாடு அன்றோடு முறியும். குழாம் கலைந்ததும் சீருடைக் கம்பனியும் போய்விடும்.

காலுக்கு வரும் கேடு இன்னும் பெரிது. பெனியன் தொளதொளத்தாலும் ஓடிவிடலாம். முகாமின் கடைசி வாரத்தில் கையில் கொடுக்கும் ஸ்பைக்கோடு அப்படி ஓட முடியாது. சப்பாத்தின் குதிப்பக்கம் சில மில்லிமீற்றர் தாழ்ந்தாலே கெண்டைச் சதையும் குதிநாணும் கூடுதலாக இழுபடும். முன்தட்டு விறைத்திருந்தால் பாரம் முன்பாத எலும்புகளில் இறங்கும். புது ஸ்பைக்கை முதலில் சில 60 மீற்றர் ஓட்டங்கள், பிறகு 150, அதற்குப் பிறகே முழு வேகம் என்று மூன்று நான்கு வாரம் பழக்க வேண்டும். ஆணியையும் கவனியுங்கள். செயற்கைத் தடத்தில் ஓட்டத்துக்கு 9 மில்லிமீற்றருக்கு மேல் கூடாது. இங்கே ஈரப் புல்லில் பழகுவதற்கு அதைவிட நீளமானது தேவை. கழற்றும் சாவியும் மாற்று ஆணிகளும் இல்லாத சோடியால் பயனில்லை.

2015இல் அமெரிக்காவின் 800 மீற்றர் வீரர் நிக் சைமண்ட்ஸ் பீஜிங் உலகப் போட்டிக் குழாமில் இடமிழந்தது ஓட்டத்தில் தோற்றல்ல. அவருக்கு அனுசரணை புரூக்ஸ் கம்பனி, குழாமுக்கு நைக்கி. குழாமின் உத்தியோகபூர்வ நிகழ்வுகளில் குழாம் உடையையே அணிய வேண்டும் என்ற படிவம், அந்த நிகழ்வு எது என்று தெளிவாகச் சொல்லவில்லை என்றே கையெழுத்திட மறுத்தார். ஜப்பான் நீச்சல் சம்மேளனமோ 2008இல், தன் மூன்று ஒப்பந்தக் கம்பனிகளுக்கு வெளியே ஸ்பீடோ உடைக்கும் வழிவிட்டது. அதை அணிந்த ஜப்பான் நீச்சல் வீரர் கிதாஜிமா அந்த ஆண்டின் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றார்.

ஆகவே நிகழ்வுகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: போட்டித் தடம், தொடக்க விழா, பதக்க மேடை, ஊடகச் சந்திப்பு. தங்கும் அறையும் சொந்தப் பயிற்சியும் பிள்ளையின் கைப்பேசிப் படங்களும் அதில் வரக்கூடாது. கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோருமுன் யாருக்கு ஏற்கெனவே அனுசரணை உண்டு என்று கேட்டு வையுங்கள்.

படிவம் தமிழிலும் வேண்டும், முகாமுக்கு 14 நாளாவது முன்னதாக வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் படிவத்தைப் பாடசாலைக்கே அனுப்புங்கள். பெற்றோரைக் கையெழுத்துக்காகக் கொழும்புக்குக் கூப்பிட்டால், கொழுந்து பறிக்கும் தாய்க்கு அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும்.

இப்படிக்கு,
மலையக மெய்வல்லுநர் பயிற்றுநர்கள்