அந்தப் படத்தில் இருப்பது நம் தேன்சிட்டு இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு ஒரு பறவைப் படம் போட்டு, 'நீலகிரியில் தேன் குடிக்கும் ஆண் தேன்சிட்டு' என்று கீழே எழுதியிருந்தீர்கள். என் பேத்தி அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவிட்டு, முழுப்பரீட்சை லீவுக்கு ஊட்டிக்குப் போய் இந்தக் குருவியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று இரண்டு நாளாக ஒரே பிடிவாதம். அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், உங்களிடமும் சொல்ல வேண்டும். அந்தப் பறவை நீலகிரியில் கிடையாது, இந்தியாவிலேயே எங்கும் கிடையாது, அது தேன்சிட்டும் இல்லை.

அது ஹம்மிங் பறவை. தமிழில் ஓசனிச்சிட்டு என்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் 360 வகைகள் போல உண்டு, அத்தனையும் வட, தென் அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை ஒட்டிய தீவுகளிலும்தான் வாழ்கின்றன. நீங்கள் போட்டிருப்பது அவற்றில் வெள்ளைக் கழுத்து ஜாக்கோபின் என்ற வகை. அடையாளம் எல்லாம் உங்கள் படத்திலேயே இருக்கிறது, பாருங்கள். தலையிலிருந்து நெஞ்சு வரை பளபளக்கும் நீலம், முதுகு பச்சை, வயிறு சுண்ணாம்பு அடித்தாற்போல வெள்ளை, பிடரியில் நீலம் முடிந்து பச்சை தொடங்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு பிறை. விரித்திருக்கும் வாலும் வெள்ளை, ஓரத்தில் மட்டும் பேனாவால் கோடு இழுத்தது மாதிரி மெல்லிய கறுப்பு. நீலத் தலை, பிறை, வெள்ளை வால் மூன்றும் ஒரே பறவையில் இருந்தால் சந்தேகப்பட வேண்டியதில்லை. இதன் பேரினத்தில் இன்னும் ஒரே ஒரு வகைதான் உண்டு, அது பிரேசிலின் அட்லாண்டிக் கரையோரக் காடுகளில் இருப்பது, அதற்கும் வால் வெள்ளைதான், ஆனால் உடம்பு கறுப்பு.

நான் இதை நேரில் பார்த்திருக்கிறேன். கப்பலில் இன்ஜினியராக இருந்தவன். ஒருமுறை பனாமாவில் ஏற வேண்டிய கப்பல் வரத் தாமதமாகி நான்கு நாள் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று, அப்போது எங்களை ஏற்றி இறக்கும் டிரைவர் கம்போவா என்ற சின்ன ஊருக்குக் கூட்டிப்போனார். சாக்ரெஸ் ஆறு பனாமா கால்வாயில் வந்து சேரும் இடம் அது. ஒரு பக்கம் பெரிய பெரிய சரக்குக் கப்பல்கள் ஊர்ந்து போகும், இன்னொரு பக்கம் வீடுகளுக்குப் பின்னாலேயே சோபெரானியா தேசியப் பூங்காவின் மழைக்காடு தொடங்கிவிடும். ஒரு வீட்டுத் திண்ணையில் சீனித் தண்ணீர் ஊற்றிய பாட்டில்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒன்று வந்து அந்தரத்தில் நின்றது. இறக்கை கண்ணுக்குத் தெரியவில்லை, உடம்புக்கு இரண்டு பக்கமும் மங்கலாகப் புகை மாதிரி ஏதோ இருக்கிறது, சின்ன டேபிள் ஃபேன் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம், தலையைத் திருப்பியபோது அந்த வெள்ளைப் பிறை அப்படியே தெரிந்தது. மொத்த எடையே ஏழெட்டு கிராம்தான் இருக்கும். அடுத்த நொடியில் இன்னொன்று வந்து அதை விரட்டியடித்தது. அதற்குப் பிறகு எத்தனையோ துறைமுகம் பார்த்தாயிற்று, அந்த ஒரு நிமிடம் இன்னும் மறக்கவில்லை.

தேன்சிட்டையும் இதையும் ஒன்றாக நினைப்பது புரிந்துகொள்ளக்கூடியதுதான். இரண்டும் குட்டி, இரண்டும் மினுமினுக்கும், இரண்டுக்கும் பூந்தேன்தான் சாப்பாடு. ஆனால் சொந்தம் இல்லை. ஓசனிச்சிட்டுக்கு நெருங்கிய உறவு, வானத்தில் ஓயாமல் பறந்து திரியும் உழவாரன் குருவி, நம் தேன்சிட்டோ காகமும் சிட்டுக்குருவியும் இருக்கிற பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரே வேலையைச் செய்து செய்து இரண்டும் ஒரே சாயலுக்கு வந்துவிட்டன, அவ்வளவுதான். வீட்டுச் செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டைக் கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் காம்பிலோ கிளையிலோ காலூன்றித்தான் குடிக்கும். எப்போதாவது படபடவென்று காற்றில் நிற்கும், சில நொடிதான். ஓசனிச்சிட்டு இறக்கையைக் கீழே அடிக்கும்போது மட்டுமல்ல, மேலே தூக்கும்போதும் அதைத் திருப்பிக் காற்றைத் தள்ளுகிறது. 2005-ல் வந்த ஓர் ஆய்வில் உடல் பாரத்தில் முக்கால் பங்கைக் கீழடியும் கால் பங்கை மேலடியும் தாங்குவதாக அளந்து சொன்னார்கள். அதனால்தான் உங்கள் படத்தில் அது எதையும் பிடிக்காமல் பூவின் எதிரே அசையாமல் நிற்கிறது. அந்தப் பூ ஹெலிகோனியா. இப்போது நம் ஊர்த் தோட்டங்களிலும் அதை வைக்கிறார்கள், ஒருவேளை அதைப் பார்த்துத்தான் நீலகிரி என்று முடிவு செய்தீர்களோ என்னவோ.

இன்னொன்று, 'ஆண்' என்று போட்டீர்களே, அதையும் அப்படிச் சட்டென்று சொல்லிவிட முடியாது. இந்த இனத்தில் சாதாரணமாகப் பெண்ணுக்கு நீலத் தலை கிடையாது, மேலே பச்சை, தொண்டையில் மீன் செதில் மாதிரி வரி. ஆனால் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று ஆணைப் போலவே நீலமும் வெள்ளையுமாக இருக்கும். இதே கம்போவா பக்கத்தில் பிடித்துப் பரிசோதித்துவிட்டு 2021-ல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். குஞ்சுகள் பறக்கத் தொடங்கும்போது ஆணும் பெண்ணும் எல்லாமே ஆண் நிறத்தில்தான் இருக்குமாம், அப்புறம் பெரும்பாலான பெண்கள் நிறம் மாறிவிடும், சிலது மாறாமல் அப்படியே இருந்துவிடும். அப்படி இருக்கிற பெண்களை மற்றவை தேன் குடிக்கும் இடத்தில் அவ்வளவாக விரட்டித் தொல்லை செய்வதில்லை. சாப்பாட்டுக்குப் போட்டி போடும் இடத்தில் ஆண் வேஷம் கைகொடுக்கிறது.

இதைவிட ஆச்சரியம் அதன் குஞ்சு. தேன்சிட்டுக் கூட்டை நம்மில் பலர் பார்த்திருப்போம், துணி காயப்போடும் கம்பியிலோ முல்லைக் கொடியிலோ பை மாதிரி தொங்கும், பக்கவாட்டில் வாசல். ஜாக்கோபின் அப்படிக் கட்டுவதில்லை. தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு, பனை வகைச் செடியின் அகன்ற இலைமேல் சின்னக் கிண்ணமாக வைக்கும், மேலே இன்னொரு இலை கூரை மாதிரி கவிந்திருக்கும். 2024-ல் சோபெரானியா காட்டில் அப்படி ஒரு கூட்டில் பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சைப் பார்த்தவர்கள் முதலில் திகைத்துப்போனார்கள். முதுகு முழுக்க நீள நீளமாகப் பழுப்பு முடி, பார்க்க அச்சு அசல் கம்பளிப்பூச்சி. ஒரு குளவி பக்கத்தில் வந்ததும் குஞ்சு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது, குளவி போய்விட்டது. கொட்டும் கம்பளிப்பூச்சி என்று மற்றவற்றை ஏமாற்றும் வேஷமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதைச் சொன்னதும் பேத்தி ஊட்டியை மறந்துவிட்டாள்.

இது தெற்கு மெக்சிகோவில் தொடங்கி மத்திய அமெரிக்கா வழியாக பெரு, பொலிவியா, பிரேசில் வரை உள்ள ஈரமான தாழ்நிலக் காடுகளின் பறவை, டிரினிடாட், டொபாகோ தீவுகளிலும் உண்டு. உயரமான மரங்களின் உச்சியிலும் காட்டோரத்திலும் திரியும், பூந்தேனோடு பறக்கிற சின்னப் பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். 2,200 மீட்டர் உயரத்தில் குளிரும் ஊட்டி அதன் சொந்தக் கண்டத்திலேயே இருந்திருந்தாலும் அதற்கு ஏற்ற இடம் இல்லை. நீலகிரிக்குத்தான் வேண்டும் என்றால் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, முதுகு கருஞ்சிவப்பான குட்டித் தேன்சிட்டு இருக்கிறதே, அதன் படத்தைப் போட்டிருக்கலாம்.

இந்தப் பறவைக்கு 1758-ல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர் வைத்த லத்தீன் பெயருக்குத் தேனுண்ணி என்று அர்த்தம். ஆகவே தேன் என்ற சொல் அதற்குப் பொருந்தாது என்று நான் சொல்லவில்லை. தேன்சிட்டு என்ற பெயர் நம் வாசலுக்கு வரும் வேறொரு பறவைக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதுதான் என் குறை. அடுத்த இதழில், அதே சிறுவர் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். கடிதப் பக்கத்தில் போட்டால் பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள். திருத்தம் வந்ததும் கத்தரித்துப் பழைய படத்துக்குக் கீழே ஒட்ட நோட்டில் இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
தூத்துக்குடி