உன் வீட்டுக் கிணறு

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ரொறன்ரோவில் பனி கொட்டும்போதும் உனக்குச் சுன்னாகத்துக் கிணறுதான் ஞாபகம். வாடகைக்கு இருக்கும் தம்பி கிணற்றுத் தண்ணீருக்கு எடுப்பித்த ஆய்வுகூட அறிக்கையைப் பார்த்தேன். எரிபொருளில் இருக்கும் பென்சீன் என்ற நஞ்சு இல்லை என்று போட்டிருக்கிறது. "அப்ப குடிக்கலாம்தானே?" என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே.

பென்சீன் கூடுதலாக இருப்பது பெற்றோலில். டீசலிலும் உலை எண்ணெயிலும் அது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் வாய் திறந்த கிணற்றிலிருந்து ஆவியாகிப் போய்விடும். நம் ஊரில் பிரச்சினை, மின் நிலையத்திலிருந்து நிலத்துக்குள் இறங்கிக் கிணறுகளில் கலந்த கழிவு எண்ணெய். அதைப் பார்க்க 'எண்ணெயும் கிறீசும்' என்று தனியாக அளக்க வேண்டும். அந்த அறிக்கையில் அந்த வரியே இல்லை.

போன சனிக்கிழமை நேரே போனேன். தண்ணீரை எதில் கொடுத்தாய் என்று தம்பியிடம் கேட்டால், கழுவிய சோடாப் போத்தலில் என்கிறான்! எண்ணெய் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், ஆய்வுகூடத்துக்குத் தண்ணீர் மட்டும்தான் போய்ச் சேரும். கண்ணாடிப் போத்தல் வேண்டும். அதையும் அந்தத் தண்ணீராலேயே அலசி ஊற்றிவிடக் கூடாது.

கிணற்றில் ஒரு மினுமினுப்புத் தெரிந்தது. தடியால் கலக்கிப் பார்த்தேன். இரும்புப் பாசி, அதாவது இரும்புள்ள தண்ணீரில் பக்டீரியா கட்டும் படலம் என்றால் ஏடு ஏடாக உடைந்து விலகும், எண்ணெய் என்றால் திரும்ப வந்து கூடும். தெற்குப் பக்கம் உடைந்தது, மோட்டர் குழாயடியில் கூடிக்கொண்டது. நான் மூன்று தரம் கலக்கினேன். உன் அம்மா இருந்திருந்தால் தடியைப் பிடுங்கியிருப்பா.

இன்னொன்று, ஒரு நாள் தண்ணீரை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது எண்ணெய் சுண்ணக்கல் பொந்துகளில் பூசிக்கொண்டு கீழே போகும், மாரியில் மட்டம் ஏறினால் அதில் கொஞ்சம் கூடவே மிதந்து வரும். நல்ல மழைக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு கலந்து அளவு குறைவாகக் காட்டவும் கூடும். 2015 இல் ஒரு குழு ஒன்றுமில்லை என்றதும், இன்னொரு அறிக்கை உண்டு என்றதும், சனம் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு நின்றதும் உனக்குத் தெரியும். 2019 இல் உயர் நீதிமன்றம், மின் நிலையக் கம்பனி 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்றது. அது சரி, கல்லுக்குள் போனதை யார் துடைப்பது?

ஆகவே குறைந்தது ஒரு வருடம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒரே ஆழத்தில், மோட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்ட பிறகு எடுப்போம். ஒவ்வொரு முறையும் கிணற்றுக் கட்டின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே என்றும் குறித்து வைக்கிறேன். ஆய்வுகூடக் காசை மட்டும் நீ அனுப்பு. அதுவரை தம்பி வீட்டுக்குக் குடிநீர் வெளியிலிருந்து வரட்டும். தோட்டத்துக்கும் இறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், வெங்காயம் நட்டிருந்தான் பாவம்.

கேற் திறப்பு ஒன்று என்னிடம் இருக்கட்டும். மற்றப் புதினங்கள் அடுத்த கடிதத்தில்.

அன்புடன்,
உன் மச்சான்