உன் வீட்டுக்கு வந்து சேராத கதை

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள ரவி,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். கிழித்துப் போடுவதென்றாலும் படித்துவிட்டுக் கிழி. தங்கச்சி, பிள்ளைகள் சுகம்தானே? இங்கே எல்லாரும் நலம். நம் சிநேகிதன் ஒட்டடைக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. இப்போது ஆளை அடையாளம் கண்டு திட்டுகிறான்.

புதுமனைப் புகுவிழாவுக்கு நான் வரவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாயாமே. தப்பு. கிளம்பினேன், வந்து சேரவில்லை. விடியற்காலையில் பட்டு வேட்டி, பின்சீட்டில் குத்துவிளக்கு, பக்கத்தில் வசந்தா. பாண்டி எல்லையில் இருக்கிற முள்ளோடையில் டேங்க்கை நிரப்பினேன். கடலூர்க்காரன் எவன்தான் அந்த எல்லையைச் சும்மா தாண்டுவான், லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சமாயிற்றே. தவளக்குப்பம் வருவதற்குள் அம்பாசிடர் திக்க ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுவையே இல்லை. நாலு குலுங்கல், நின்றுவிட்டது. அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. அரியாங்குப்பம் போனதும் மறுபடி அதே கதை. ஆட்டோ பிடித்து வந்திருக்கலாமே என்பாய். சரிதான். ஆனால் அதற்குள் வேட்டி முழுக்கக் கிரீஸ், வசந்தா கண்ணில் தண்ணீர், முகூர்த்தமும் தாண்டிவிட்டது. அந்தக் கோலத்தில் வர மனமில்லை. அதற்கு என்னை மன்னித்துவிடு.

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர் மெக்கானிக் பாய் முதலில் பெட்ரோல் பக்கமே போகவில்லை. 'பாதி கார்புரேட்டர் கம்ப்ளெயின்ட் கரண்டு கம்ப்ளெயின்ட்தான் சார்' என்று பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், பாயின்ட்டைத் தேய்த்தார், கண்டென்சரை மாற்றினார். ஸ்பார்க் நீலமாகத்தான் அடித்தது. அப்புறம் பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டை ஊதி, ஃப்ளோட் ஊசியைப் புதிதாகப் போட்டார். அப்படியும் நின்றது. டேங்க்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப்பில் டயாபிரம் என்கிற சவ்வை மாற்றினோம். அப்படியும் நின்றது. அடுத்து வந்தது வேப்பர் லாக். சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும், பம்ப்பால் இழுக்க முடியாது என்று சொல்லி பம்ப்பின் மேல் ஈரச் சாக்கைச் சுற்றிவிட்டார். ஆறினால் ஸ்டார்ட் ஆகிறதல்லவா, நானும் நம்பினேன். சாக்கோடு கொஞ்ச நாள் மஞ்சக்குப்பத்தைச் சுற்றினேன். ஒட்டடை, 'என்னடா, வண்டிக்கு ஜுரமா?' என்றான்.

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. அஞ்சு லிட்டர் போட்டுக்கொண்டு ஊருக்குள் ஓட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை. முள்ளோடையில் நிரப்பினால்தான் நிற்கிறது. பாண்டி பெட்ரோலில்தான் ஏதோ கலப்படம் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

பாயும் விடவில்லை. பம்ப்புக்கு வரும் ஓஸைக் கழற்றித் தனியாக ஒரு கேனில் இருந்து பெட்ரோல் கொடுத்தார். சில்வர் பீச் வரை போய்த் திரும்பினோம், ஒரு திக்கல் இல்லை. அப்படியானால் கோளாறு பம்ப்புக்குப் பின்னால்: குழாயிலோ டேங்க்கிலோ. டேங்க் மூடியைத் திறந்துவைத்து, குழாயில் காற்றை ஊதினார். குபுகுபுவென்று சத்தம் கேட்டது, அடைப்பு இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது, வண்டி மட்டும் ஓடவில்லை! எனக்கு அழுகையே வந்துவிட்டது. மகன் வேறு, 'எடைக்குப் போடுங்கப்பா' என்கிறான். அப்பா ஓட்டிய வண்டி என்று உனக்குத் தெரியும், அவனுக்கு எங்கே தெரியப்போகிறது.

போன செவ்வாய் தனியாகப் போனேன். முள்ளோடையில் நிரப்பித் திரும்பினேன். பெண்ணையாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. பெட்ரோல் நிஜமாகவே நிரப்பினானா என்று சந்தேகம் வந்து மூடியைத் திறக்கப் போனேன். வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. முறுக்கி இழுத்தேன். உஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம், காற்று உள்ளே போகிற சத்தம். சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே ஸ்டார்ட்.

அது யார் கொடுத்த மூடி என்று ஞாபகம் இருக்கிறதா? தெருவில் பெட்ரோல் திருடுகிறார்கள் என்று நான் புலம்பியதற்கு, போன பொங்கலுக்குச் சாவி போட்ட மூடி ஒன்று வாங்கி வந்து நீயே மாட்டிவிட்டாயே, அதேதான்! அதில் காற்றுத் துளை கிடையாதடா. பழைய மூடியைத் தேடி எடுத்துப் பார்த்தேன், குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டேங்க்கில் வெற்றிடம் உண்டாகிவிடும், பம்ப் என்ன இழுத்தாலும் பெட்ரோல் வராது. டேங்க் நிறைந்திருந்தால் மேலே காற்று கொஞ்சம்தான் இருக்கும், அதனால் சீக்கிரமே நின்றுவிடும். அரை மணி நேரத்தில் மூடி இடுக்கு வழியாகக் காற்று கசிந்து போய்ச் சமாதானம் ஆகிவிடும். நாங்கள் அதைச் சூடு ஆறுகிறது என்று நினைத்தோம். பாய் சோதித்தபோது மூடி திறந்தே இருந்தது, எப்படித் தெரியும்? உன் வீட்டு விசேஷத்துக்கு என்னை வரவிடாமல் செய்தவன் நீதான். செலவுக் கணக்கைத் தனியாக அனுப்புகிறேன்.

சிரித்தாயா? இப்போது சிரிக்காமல் இதைக் கேள். பம்ப்பில் டயாபிரம் மாற்றும்போது பாய் ஒரு ஓஸைக் காட்டினார். கையில் எடுத்தால் ஊறின அப்பளம் மாதிரி கொழகொழவென்றிருந்தது. கிளிப் அடியில் பெட்ரோல் வியர்த்திருந்தது. கார்புரேட்டருக்கு நேர் கீழேதான் புகை வெளியேறும், கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். ஒரு சொட்டு போதும். வசந்தாவை உட்கார வைத்துக்கொண்டு அந்த ஓஸோடு அரியாங்குப்பம் வரை வந்திருக்கிறேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கோளாறு எதுவானாலும் எத்தனால் மேல் பழி போடுவது எனக்குப் பிடிக்காது. என் கோளாறு உன் மூடிதான். ஆனால் நம் காலத்து வண்டியின் ரப்பருக்கு அது ஆகாது என்பது நிஜம். ஈரத்தை வேறு இழுக்கும். ஓட்டாமல் போட்டுவைத்தால் தண்ணீர் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கி துரு பிடிக்கவைக்கும். உன் மாருதி 800 ஷெட்டில் மாதக்கணக்காக நிற்கிறதே, தொடுவதற்கு முன்னால் ஓஸ் எல்லாவற்றையும் மாற்று. எத்தனால் தாங்கும் ஓஸ் என்று கேட்டு வாங்கு, மலிவாகக் கிடைக்கிறதே என்று கண்டதை வாங்காதே. உனக்கு அந்தப் புத்தி உண்டு, மூடி வாங்கினவன்தானே.

ஞாயிற்றுக்கிழமை லாஸ்பேட்டைக்கு, உன் வீட்டுக்கு வருகிறோம். அதே குத்துவிளக்கு, அதே அம்பாசிடர். முள்ளோடையில் நிரப்பிக்கொண்டுதான் வருவேன். மூடியையும் சாவியையும் கொண்டுவருகிறேன், உன் மாருதிக்கு மாட்டிக்கொள். தங்கச்சியிடம் வத்தக்குழம்பு வைக்கச் சொல்.

உன்,
கணேசன்