எந்தத் தொப்பியை மாட்டப் போகிறாய்?

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை, பிள்ளைகள் நலமும் அறிய ஆவல்.

என் பட்டாளத் தொப்பியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். எந்தத் தொப்பி என்று சொல்லவில்லையே கண்ணு? மாட்டுவதற்கென்றால் பச்சை பெரேதான் சரி, அந்த விளிம்பில்லாத வட்டத் துணித் தொப்பி. அதில் எங்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட் பேட்ஜ் இருக்கிறது. யானைச் சின்னம் 1803-ல் நடந்த அசாயே சண்டைக்காகக் கிடைத்தது. அடியில் ‘ஸ்வதர்மே நிதனம் ஸ்ரேயஹ’ என்று கீதை வரி, தன் கடமையைச் செய்து சாவதே மேல் என்று அர்த்தம். 86-ல் வெலிங்டனில் கசம் பரேடு, அதாவது பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கும் அணிவகுப்பு, முடித்த அன்று தலை நிமிர்ந்து நின்றேன் என்றால் அந்த பேட்ஜுக்காகத்தான்.

ஆனால் காட்டுக்குள் பெரேவை வைத்து ஒன்றும் ஆகாது. வெயிலும் மறைக்காது, மழையும் தாங்காது, பேட்ஜ் வேறு மின்னும். சினிமாவில் ஹீரோ பெரே போட்டுக்கொண்டு புதருக்குள் ஓடும்போது நான் சிரிப்பது இதனால்தான். உன் அம்மா கோபித்துக்கொள்வாள்.

அங்கே வேலை செய்தது ஜங்கிள் ஹேட். சுற்றிலும் விளிம்பு, காற்றோட்டத்துக்குப் பக்கவாட்டில் ஓட்டை, ஓடும்போது விழாமல் இருக்கத் தாடையில் ஒரு நாடா. தலையைச் சுற்றி ஒரு பட்டி தைத்திருக்கும். இலை தழையை அதில்தான் செருக வேண்டும். காட்டில் ஆளைக் காட்டிக்கொடுப்பது முகம்கூட இல்லை, உருண்டைத் தலையும் அதன் கீழே தோளும் சேர்ந்த அந்த உருவம். விளிம்பும் தழையும் அதைக் கலைத்துவிடும். மிசோரம் வைரங்டே காட்டுப்போர்ப் பயிற்சிப் பள்ளியில் உஸ்தாத் (பயிற்சியாளர்) இதற்காகவே எங்களைத் தூரத்தில் ஒளியச் சொல்லி ஒவ்வொருவராகக் கண்டுபிடித்துக் காட்டுவார். தழை வாடியவுடன் மாற்றவில்லை என்றால் அதற்குத் தனி ரகடா, அதாவது உடம்பை முறிக்கும் தண்டனை. பச்சைக் காட்டில் வாடிய இலை தனியாகத் தெரியும், இல்லையா? இன்னொன்று, காது திறந்திருக்கும். ராத்திரி ஆம்புஷில் பதுங்கிக் காத்திருக்கும்போது கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. அந்த ஊர் மழையையும் அட்டையையும் பற்றிச் சொன்னால் நீ சாப்பிட மாட்டாய், விடு.

காஷ்மீரில் இந்த ஹேட்டுக்கு வேலை குறைவு. அங்கே குண்டு தாங்கும் பட்கா என்ற தலைக்கவசம். இரும்பு, கழுத்து வலி இன்றைக்கும் இருக்கிறது. 2010-ல் ஹவில்தாராக பென்ஷனில் வந்தபோது மற்றதையெல்லாம் ஸ்டோரில் ஒப்படைத்தேன். இந்த ஹேட் மட்டும் கேன்டீனில் என் காசு போட்டு வாங்கியது, அதனால் கூடவே வந்தது.

பெரேவைத் துடைத்து, பேட்ஜுக்கு பிராசோ பாலிஷ் போட்டு வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் போ. மெடல்களும் வேண்டுமென்றால் சேர்த்தே சட்டம் போடு, தனித்தனியாகச் செலவு செய்யாதே. ஜங்கிள் ஹேட்டைக் கேட்காதே. மல்லாட்டைக் கொல்லைக்குப் போகும்போது அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
அப்பா